அவஸ்தையும் தேற்றரவும்

காவிரிக் கடைமடைப் பங்குகளில் முதியோர் நாவில் இன்றும் வாழும் சொல் ஒன்று உண்டு: 'அவஸ்தைப்பூசுதல்'. நோயாளிக்கு மேல்மூச்சு வாங்கத் தொடங்கிய பின்னரே குருவை அழைப்பது வழக்கமாயிருந்தது. எனவே, தைலச் சிமிழோடு குரு தெருவில் நுழைவதே சாவின் முன்னறிவிப்பாகக் கருதப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், இவ்வருட்சாதனத்தை 'நோயில் பூசுதல்' என்றழைப்பதே பொருத்தம் எனவும், அது சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று எனவும் அறிவித்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதன் சடங்குமுறையைப் புதுப்பித்தார். பெயர் மாறிற்று, நம் இல்லங்களில் அச்சம் மாறவில்லை.

அதே அச்சம் இன்று மருத்துவமனை வாயிலிலும் நிற்கின்றது. குணமாக்க இயலாத நோயில் வலியையும் மூச்சுத் திணறலையும் குமட்டலையும் அடக்கி, நோயாளியையும் குடும்பத்தையும் தாங்கும் மருத்துவம் ஒன்று உண்டு; அதனை 'நோய்த்தணிப்புச் சிகிச்சை' என்பர். அச்சொல்லைக் கேட்டதும் "கைவிட்டு விட்டார்கள்" என்று உறவினர் கலங்குகின்றனர். மார்ஃபின் என்றதும் போதை என்று அஞ்சுகின்றனர். வலியைச் சகிப்பதே புண்ணியமல்லவா? சிகிச்சையை நிறுத்துவது கொலையல்லவா? இவ்விரு வினாக்களுக்கும் திருச்சபை என்றோ விடை தந்திருக்கின்றது. நாம்தான் அதனைக் கேளாதிருந்தோம்.

புனித சவேரியார் நம் கடற்கரைக்கு 1542-இல் வந்தார். அவர் காலத்தில் ஸ்பெயினின் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் போதித்தவர், சாமிநாதர் சபைத் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா. உணவின்மீது முற்றும் வெறுப்புற்று, ஒரு கவளமும் வேதனையாகிவிட்ட நோயாளி உண்ணாதிருந்தால் அது பாவமாகாது என்றார் அவர். உயிரைக் காக்கும் பொருட்டு ஒருவன் தன் சொத்து முழுவதையும் கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமை இல்லை என்றும் தெளிவாக்கினார். 1595-இல் அதே சபையின் தொமிங்கோ பாஞ்ஞெஸ் இவ்வுண்மைக்கு 'சாதாரண வழிகள்', 'அசாதாரண வழிகள்' எனப் பெயரிட்டார். செயற்கைச் சுவாசக் கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதனை அளக்கும் அளவுகோல் ஆயத்தமாயிருந்தது.

1957-இல் மயக்க மருத்துவர்கள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரிடம் நேரடியாகவே வினவினர். அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் அளித்த விடை இது: வேறு வழியில்லாதபோது, வலியைத் தணிக்கத் தரும் மருந்தால் உணர்வு மங்கினாலும், ஆயுள் குறுகக்கூடுமாயினும், நோயாளி தம் கடமைகளை நிறைவேற்றத் தடையில்லையெனில் அது முறையானதே. நோக்கம் வலியைத் தணிப்பதே, சாவை வருவிப்பதன்று. நவம்பரில் மற்றொன்றையும் விளக்கினார். உயிரைக் காக்கும் கடமை, நோயாளிக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகாத சாதாரண வழிகளோடு நிறைவுறும்.

சிலுவையடியில் தமக்குக் கொடுக்கப்பட்ட வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை ஆண்டவர் ஏற்கவில்லையே எனச் சிலர் வினவலாம். அவ்வாறு தாமே விரும்பித் துன்பத்தை ஏற்போர் போற்றத்தக்கவர். ஆயினும் அவ்வீரத்தை எல்லார்க்கும் சட்டமாக்குவது விவேகமன்று என 1980-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விளக்கிற்று. கருணைக்கொலை பெரும்பாவம் என்பதை 1995-இல் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில் இரண்டாம் அருள் சின்னப்பர் உறுதிப்படுத்தினார். பயனற்ற, கடுஞ்சுமையான சிகிச்சையைக் கைவிடுவது கருணைக்கொலையன்று என்பதையும் அதே மடலில் பிரித்துக் காட்டினார். உண்டி, நீர், தூய்மை, அருகிருத்தல் ஆகிய அடிப்படைப் பேணுகை ஒருபோதும் கைவிடத்தக்கதன்று.

போதனை இவ்வாறிருக்க, அதனைச் செயலாக்கியவர் கன்னியரே. அயர்லாந்துப் பிறரன்புச் சகோதரிகள் 1879-இல் டப்ளினிலும், 1905-இல் இலண்டன் ஹாக்னியிலும் இறப்போர்க்கு இல்லங்கள் கண்டனர். ஹாக்னி இல்லத்தில் 1958 முதல் பணியாற்றிய ஆங்கிலிக்கன் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், வலி வெடித்த பின் அன்று, அது திரும்புமுன்பே மணிக்கணக்கில் மார்ஃபின் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உடல், உள்ளம், உறவு, ஆன்மா நான்கும் சேர்ந்து நோவதே 'முழு வலி' என்றார். 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். முறையாக அளந்து தரும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. மூச்சுத் திணறலையும் தணிக்கும். அதனால் வரும் குமட்டல் சில நாளில் அடங்கும்; மலச்சிக்கலுக்கு உடன் மருந்து தருவர்.

நம் நாடோ அபினை அரசு உரிமத்தோடு பயிரிடுவது. ஆயினும் 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை ஒதுக்கின. 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லம் எழுந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் தொடங்கிய இயக்கம், தொண்டர்களை நோயாளிகளின் வீட்டு வாசலுக்கே அனுப்பிற்று. 2008-இல் கேரளம் இதற்கென அரசுக் கொள்கை வகுத்தது. 2014-இல் சட்டம் தளர்ந்தது. தன் சிகிச்சை குறித்து ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. அதனைக் கத்தோலிக்கர் பயன்படுத்தும்போது மேற்சொன்ன வேறுபாடு மனத்தில் இருத்தல் வேண்டும்.

காரைக்கால் சிறு நிலம். பெருநோய் வந்தால் வடக்கே புதுச்சேரிக்கோ மேற்கே தஞ்சைக்கோ செல்ல வேண்டியிருக்கின்றது. நிலத்தையும் நகையையும் விற்று, பயனில்லை என மருத்துவரே கூறும் சிகிச்சைக்குச் செலவிட்டு, அன்புக் கடமையை நிறைவேற்றியதாக எண்ணும் குடும்பங்கள் பல. அவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இச்சிகிச்சையால் எதை எதிர்பார்க்கலாம்? அதன் சுமை எத்துணை? வலி தணிக்க என்ன செய்வீர்கள்? அதற்கும் முன்னர் கேட்கப்பட வேண்டியவர் நோயாளியே. அவரிடம் நோயை மறைத்து, அவர் தலைமாட்டில் உறவினர் முடிவெடுப்பது அவருடைய மாண்பைப் பறிப்பதாகும். ஒப்புரவு செய்யவும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் அவருக்குள்ள காலத்தையும் அது பறித்துவிடும். வலியில் துடிப்பவரால் செபிக்க இயலுமா? வலி தணிந்தவரே தம் இறுதி நாள்களைத் தம் கையால் ஆண்டவரிடம் ஒப்படைக்க வல்லவர்.

காரைக்கால் ஆலயத்தின் அன்னைக்குத் 'தேற்றரவு அன்னை' என்பது திருப்பெயர். தேற்றரவைக் கடைசி மூச்சுவரை ஒத்திவைத்தால் அது தேற்றரவாகாது. மருத்துவரின் மருந்தும் குருவின் தைலமும் நோயின் தொடக்கத்திலேயே நம் இல்லங்களுக்குள் வரட்டும். குரு தெருவில் வரும்போது இனி எவரும் கதவை அஞ்சித் திறவாதிருக்கட்டும்.