நகரும் எம்.ஆர்.ஐ. கருவி

நோயாளியின் படுக்கையருகே உருட்டிச் சென்று மூளையைப் படமெடுக்கும் குறைகாந்தப்புலக் கருவி. அமெரிக்காவின் ஹைப்பர்ஃபைன் நிறுவனம் உருவாக்கிய ‘ஸ்வூப்’ கருவிக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் அனுமதி வழங்கியது. மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகள் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமையில் இயங்குகின்றன. ஸ்வூப் கருவியின் காந்தப்புலம் 0.064 டெஸ்லா மட்டுமே. நிலைக்காந்தத்தால் இயங்குவதால் திரவ ஹீலியம் வேண்டாம். சுவரிலுள்ள சாதாரண மின்இணைப்பே போதும். கவசமிட்ட தனி அறையும் தேவையில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லாமல், தலையை மட்டும் தலைச்சுருளுக்குள் வைத்துப் படமெடுக்கலாம். மூளை இரத்தக்கசிவு, பக்கவாதம், மூளையில் நீர்தேக்கம் ஆகியவற்றை அறிய இது உதவுகிறது. படத்தின் நுணுக்கம் குறைவென்பதால் மிகச் சிறிய பாதிப்புகள் தவறக்கூடும். ஆழ்கற்றல் மென்பொருள் இரைச்சலை நீக்கிப் படத்தைத் தெளிவாக்குகிறது.