ஒரு சோறு பதம்: ரவி கண்ணனின் ஆய்வு வாழ்க்கை

நூற்றாண்டு மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றதும் வாசகிகள் எதிர்பார்ப்பது கல்லூரியின் முதல் கிடுகுக் கொட்டகை, முதல் அதிபர், முதற் பெறுபேறுகள் பற்றித்தான். அவற்றை எழுதும் தகுதி எம்மை விட மூத்த சகோதரிகளுக்கே உண்டு. நாம் எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. கணிதத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர் நாற்பது ஆண்டுகளாக எதை யோசித்துக் கொண்டிருந்தார் என்பதே அது.

இதற்குக் காரணம் உண்டு. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு உயர்ந்த சித்தி பெற்ற எம் வகுப்புத் தோழியருள் பெரும்பாலானோர் உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்கே வந்தோம். இணைந்த கணிதம் என்றால் மாலை வகுப்புக்கு வேறூர் போகவேண்டும், மஃரிபுக்குப் பிறகு தனியே திரும்பவேண்டும், படித்து முடித்தாலும் கட்டட வேலைத் தளத்தில் வெயிலில் நிற்கவேண்டும் என்று வீட்டில் உம்மாவும் வாப்பாவும் சொன்னார்கள். கணிதம் படித்தவர் வாழ்நாள் முழுவதும் உண்மையில் என்ன செய்கிறார் என்று எடுத்துச் சொல்ல எமக்கு எவரும் இருக்கவில்லை. இன்று எமது மகள்மார் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், எம் வீட்டு வாசலில் இருக்கிறது. ஆனாலும் எம்மில் பலருக்கு இன்னும் பதில் தெரியாது.

ரவீந்திரன் கண்ணன், துறையில் ரவி கண்ணன் என்று அறியப்படுபவர், 1953இல் சென்னையில் பிறந்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1980இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். எம்.ஐ.டி., கார்னகி மெலன், யேல் ஆகிய இடங்களில் கற்பித்தார். பின்னர் இந்தியா திரும்பி, பெங்களூரில் உள்ள மைக்ரோசொப்ட் ஆய்வு நிலையத்தில் அல்கோரிதம் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பதவிகளைப் பற்றி இவ்வளவு போதும்.

அல்கோரிதம் என்பது கணினிக்கு நாம் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் செய்முறை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீன் வாயில் திரிந்து உண்டான சொல் இது. அவரது அல்ஜிப்ரா நூலின் பெரும் பகுதி வாரிசுச் சொத்தைப் பங்கிடும் கணக்குகள் என்பது எம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி.

பங்கீடுதான் கண்ணனின் துறைக்கும் வாசல். 2004 டிசம்பர் 26க்குப் பின்வந்த வாரங்களை எம் கரையில் யாரும் மறக்கவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் மக்கள் தங்கியிருக்க, எந்த முகாமுக்கு எத்தனை மூட்டை அரிசி, எத்தனை பவுசர் தண்ணீர், எத்தனை வைத்தியர் என்று கொப்பிகளில் கணக்குப் போட்டவர்களை நாம் அறிவோம். ஓரிடத்துக்குக் கூட்டினால் இன்னோரிடத்துக்குக் குறையும். லொறிகளும் டீசலும் அளவோடுதான் இருக்கும். இத்தனை கட்டுப்பாடுகளுக்குள் ஆகச் சிறந்த பங்கீட்டைக் கண்டுபிடிப்பதையே உகப்பாக்கம் என்கிறார்கள்.

பின்னங்களை அனுமதித்தால் இந்தக் கணக்கு இலகு. 1947இல் ஜோர்ஜ் டான்ட்ஸிக் அதற்கு நல்லதொரு முறையைக் கொடுத்துவிட்டார். ஆனால் விடையாக 2.6 வைத்தியர் என்று வந்தால் என்ன செய்வது? விடை முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்றால் கணக்கு சட்டென்று மிகக் கடினமாகிவிடும். 1983இல் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா ஒரு வழி காட்டினார். ஆனால் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் கூடக்கூட, அவர் முறையில் வேலை கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. கண்ணன் பழைய எண் வடிவியலைக் கையில் எடுத்து அந்த வளர்ச்சியைப் பெருமளவு குறைத்தார். அவரது கட்டுரை 1987இல் வெளிவந்தது. அவர் கொடுத்த எல்லையைப் பின்வந்தவர்கள் ஓரங்களில் செதுக்கினார்களே தவிர, அதன் அடிப்படை வடிவத்தை 36 ஆண்டுகள் யாராலும் மாற்ற முடியவில்லை. 2023இல்தான் விக்டர் ரெய்ஸ், தோமஸ் ரொத்வொஸ் இருவரும் அதைத் தாண்டினார்கள்.

இனி அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக்கொடுத்த வேலைக்கு வருவோம்.

கட்டுப்பாடு ஒவ்வொன்றையும் ஒரு சுவர் என்று எண்ணுங்கள். எல்லாச் சுவர்களும் சேர்ந்து ஓர் அறையை அடைக்கும். சாத்தியமான பங்கீடுகள் யாவும் அந்த அறைக்குள் இருக்கும் புள்ளிகள். அறையில் உள்நோக்கிய குழிவு எங்கும் இராது. முகாம்கள் நூறு இருந்தால் அது நூறு பரிமாண அறை. அதன் கனவளவு என்ன? இந்தக் கேள்விக்குக் கணினியிடம் நேர்வழி இல்லை என்பது 1980களின் நடுப்பகுதியில் தெரியவந்தது. ஒரு புள்ளியைக் காட்டி “இது உள்ளேயா, வெளியேயா” என்று மட்டுமே கேட்கலாம் என்றால், அதிர்ஷ்டத்துக்கு இடம் கொடாத எந்த முறையாலும் நியாயமான நேரத்தில் கிட்டிய விடையைக்கூடத் தரமுடியாது என்று ஹங்கேரியக் கணிதவியலாளர்கள் நிறுவினார்கள்.

1989இல் மார்ட்டின் டயர், அலன் ஃபிரீஸ், ரவி கண்ணன் மூவரும் ஒரு மாநாட்டில் மாற்று வழியை முன்வைத்தார்கள். அதிர்ஷ்டத்துக்கு இடம் கொடுத்தால் முடியும் என்றார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எம் மூத்தம்மாமார் சொல்வதுதான் அதன் கரு. ஆனால் அந்தப் பழமொழி சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை உண்டு. பானையை நன்றாகக் கிண்டியிருக்க வேண்டும். அடியில் பிடித்த ஆணத்தின் மேற்பக்கத்தை மட்டும் அகப்பையில் எடுத்து உப்புப் பார்த்தால் என்ன ஆகும் என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும்.

எம் தொழிலிலும் இதுதான். உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம் ஓட, ஆய்வுகூடத்துக்கு நாம் அனுப்புவது சில மில்லிலீற்றர். இதயம் ஓயாமல் கலக்கிக்கொண்டிருப்பதால்தான் அந்தச் சொட்டை நம்புகிறோம். சேலைன் ஏறும் கையிலேயே இரத்தம் எடுத்தால் அறிக்கை பொய் சொல்லும்.

அறையை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கண்ணை மூடிப் புள்ளிகளை எறிந்து பார்த்தால் என்ன என்று கேட்கலாம். சதுரத்துக்குள் பொருந்தும் வட்டம் அதன் 78.5 வீதத்தை நிரப்பும். கனசதுரத்துக்குள் உருண்டை 52.4 வீதத்தை நிரப்பும். பத்துப் பரிமாணத்தில் அது 0.25 வீதமாகச் சுருங்கிவிடும். நூறு பரிமாணத்தில் எறிந்த புள்ளி எதுவும் உள்ளே விழாது. ஆகவே மூவரும் வெளியிலிருந்து எறிவதை விட்டுவிட்டு உள்ளே நடந்தார்கள். அறைக்குள் ஓரிடத்தில் நின்று, ஏதோவொரு திசையில் ஓரடி, பின் இன்னொரு திசையில் ஓரடி. போதிய அடிகள் நடந்தால் தொடங்கிய இடம் மறந்துபோகும். அப்போது நிற்கும் இடம் நன்றாகக் கிண்டிய பானையில் எடுத்த சோறு. சிறிய உருண்டையில் தொடங்கி அறையைப் படிப்படியாகப் பெருப்பித்து, முந்தியது பிந்தியதில் எத்தனை பங்கு என்று மாதிரி எடுத்து, அந்தப் பங்குகளைக் கொண்டு முழுக் கனவளவையும் கணித்தார்கள். எத்தனை அடி நடந்தால் போதும் என்பதை நிறுவியதே இதில் கடினமான பகுதி. 1991இல் மூவருக்கும் ஃபுல்கர்சன் பரிசு கிடைத்தது.

உண்மையைச் சொன்னால், அந்த முதல் வடிவத்தை எந்தக் கணினியிலும் ஓட்டிப் பயன் காணமுடியாது. பரிமாணம் இரட்டித்தால் வேலை ஏறத்தாழ 84 இலட்சம் மடங்காகும். கிளினிக்கில் இப்படியொரு மருந்தைக் கொண்டுவந்தால் நாம் திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் இந்தத் துறையில் முதலில் கேட்பது “முடியுமா” என்றுதான். முடியும் என்று தெரிந்துவிட்டால் பலரும் குறைக்க வருவார்கள். 1997இல் கண்ணனும் ஹங்கேரியர்களான லொவாஸ், சிமொனொவிட்ஸ் இருவரும் அந்த 84 இலட்சத்தை 32 மடங்கு என்ற அளவுக்கு இறக்கினார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மூவரும் ஓர் ஊகத்தையும் வெளியிட்டிருந்தார்கள். எமக்கு அவர் வேலைகளில் மிகப் பிடித்தது இதுதான். குழிவில்லாத அறையில், கூசாவின் கழுத்தைப் போல ஒடுங்கிய இடம் இராது. நேரான சுவரால் இரண்டாகப் பிரிப்பதை விடப் பெரிதும் ஒடுங்கிய பிரிப்பு எந்தப் பரிமாணத்திலும் கிடைக்காது என்பதே அந்த ஊகம். ஒடுங்கிய கழுத்து இல்லையென்றால் நடப்பவர் ஒரு பக்கத்தில் அகப்பட்டுக்கொள்ள மாட்டார், பானை சீக்கிரம் கலந்துவிடும். 25 ஆண்டுகள் பலர் முயன்றும் பெரிதாக நகராதிருந்த இதை, 2020இல் யுவான்சி சென் என்ற இளைஞர் ஏறக்குறைய முடிவுக்குக் கொண்டுவந்தார். 2021இல் லொவாஸ் ஏபல் பரிசு பெற்றார். கண்ணனுக்கு 2011இல் க்னூத் பரிசு கிடைத்திருந்தது.

மாதிரி எடுக்கும் எண்ணத்தைக் கண்ணன் அத்தோடு விடவில்லை. 1998இல் ஃபிரீஸ், சந்தோஷ் வெம்பாலா ஆகியோருடன் எழுதிய கட்டுரையில், கோடிக்கணக்கான எண்கள் கொண்ட அட்டவணையை முழுவதும் படிக்காமல், அதன் சில நிரைகளையும் நிரல்களையும் மட்டும் எடுத்து, முழு அட்டவணையின் சாரத்தைப் பெறலாம் என்று காட்டினார்கள். எல்லா நிரைகளுக்கும் சமவாய்ப்புக் கொடுக்கக்கூடாது, கனமான நிரைக்குக் கூடுதல் வாய்ப்பு என்பதே அதன் நுட்பம். இன்றைய பெருந்தரவுக் கணக்குகளில் இது அடிப்படைப் பாடம். அவ்ரிம் ப்ளம், ஜோன் ஹொப்க்ரொஃப்ட் ஆகியோருடன் சேர்ந்து கண்ணன் எழுதிய தரவு விஞ்ஞானப் பாடநூல் 2020இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. அதன் வரைவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முதலிரு அத்தியாயங்களையாவது கொடுத்துப் பாருங்கள். அந்த உருண்டைக் கணக்கும் அதில் உண்டு.

2017இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இவின் டாங் என்ற இளம் மாணவிக்கு அவரது ஆசிரியர் ஸ்கொட் ஆரன்சன் ஒரு வேலை கொடுத்தார். வாடிக்கையாளருக்கு எந்தப் படம், எந்தப் பொருள் பிடிக்கும் என்று ஊகிக்கும் கணக்கைக் குவாண்டம் கணினி மிக வேகமாகச் செய்யும் என்று அப்போது சொல்லப்பட்டிருந்தது. சாதாரணக் கணினியால் அந்த வேகத்தை எட்ட முடியாது என்று நிறுவுவதே வேலை. அவர் எவ்வளவு முயன்றும் நிறுவ முடியவில்லை. மாறாக, சாதாரணக் கணினியாலும் கிட்டத்தட்ட அப்படி முடியும் என்று ஒரு அல்கோரிதத்தை எழுதிக் கொண்டுவந்தார். அதற்கு அவர் எடுத்த கருவி, கண்ணனும் நண்பர்களும் 1998இல் சொன்ன அதே நிரை பொறுக்கும் முறை.