நெற்றி, தாடி, தலைப்பாகை: 1806ஐ இப்போது வாசித்தல்

ஏற்காட்டில் கரடிக் குகையைக் காட்டுகிறவர்கள் அது திப்பு சுல்தான் பதுங்கிய சுரங்கம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், கதைக்கு ஆதாரம் கேட்பது நம் வேலையில்லை. ஆனால் இந்தச் சேர்வராயன் மலையும் இதற்கு வடக்கே விரிகிற பாராமகாலும் 1792 வரை மைசூர் அரசின் கையில் இருந்தன என்பது கதையல்ல. அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இவற்றைக் கும்பினியிடம் இழந்தார். வரி வசூலிக்க முதலில் வந்த அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பட்டாளத்துக்காரர்கள். கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பி நட்டது 1820களில். காப்பிக்கு முன்னாலேயே பட்டாளம் வந்தாச்சு. 1799இல் திப்பு கொல்லப்பட்டபின் அவருடைய பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் அந்தக் கோட்டைச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். ஐரோப்பியப் படைப்பிரிவில் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள், தளபதி பேன்கோர்ட் உட்பட. மைசூர்ப் புலிக்கொடி ஏறியது.

என்ன காரணம்? ஒரு தலைப்பாகை. தலைமைத் தளபதி ஜான் கிரடாக், 1805 நவம்பரில், தோல் குஞ்சம் வைத்த புது மாதிரித் தலைப்பாகை ஒன்றைப் புகுத்தினார். அடுத்து வந்த விதித்தொகுப்பு இன்னும் கொஞ்சம் கீழிறங்கி முகத்துக்கு வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, மோவாயில் மயிர் கூடாது, மீசைகூட எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்கணும். இந்து, முஸ்லிம் இரண்டு பேரையும் ஒரே விதியில் சீண்ட முடியும் என்பதைக் கும்பினி அதிகாரிகளிடம்தான் கற்கவேண்டும். மே மாதம் தலைப்பாகையை மறுத்தவர்களில் 21 பேரைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு அவில்தார்களுக்கு ஆளுக்கு 900 கசையடி. ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். தண்டனையிலும் சமத்துவம்! மற்ற 19 பேருக்கு 500 அடி என்று தீர்ப்பு, மன்னிப்புக் கேட்டதும் விட்டுவிட்டார்கள்.

வேலூரை இதுவரை இரண்டு விதமாக வாசித்திருக்கிறோம். வெள்ளைக்காரன் வாசிப்பில் இது மூடநம்பிக்கை பிடித்த சிப்பாய்களின் பீதி. அதைத் திப்புவின் ஆட்கள் ஊதிவிட்டார்கள். நம்மவர் வாசிப்பில் இது 1857க்கு முந்திய முதல் சுதந்திரப் போர்; 2006இல் தபால்தலையும் வந்துவிட்டது. முன்னது சிப்பாயை முட்டாளாக்குகிறது. பின்னது தேசத்தின் வீரனாக்குகிறது. இரண்டுக்குமே அவன் நெற்றி முக்கியமில்லை. சிப்பாய் சொன்னதைக் கேட்டால் சங்கதி வேறு. இந்தத் தலைப்பாகையோடு ஊருக்குப் போனால் தண்ணி தரமாட்டான், பெண்ணு தரமாட்டான் என்பதுதான் அவனுடைய பயம். புதுத் தலைப்பாகை பார்க்கத் தொப்பி மாதிரி இருந்தது. தொப்பி போட்டவன் யார்? வெள்ளைக்காரனும், அவனைச் சேர்ந்த கிறிஸ்தவனும். இன்றைக்குத் தொப்பி, நாளைக்கு ஞானஸ்நானம் என்று கேலி பேசினார்கள். ஆக இங்கே மதம் என்பது மனசுக்குள் இருக்கிற விசுவாசமல்ல. பந்தியில் உட்காரும் இடம், சம்பந்தம் பண்ணும் வீடு. நாமமும் கடுக்கனும் அதற்கான அடையாளச் சீட்டு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாகணும். அந்தச் சீட்டு எல்லாருக்கும் கிடைத்ததல்ல. தொப்பிக்காரனோடு சேர்த்து எண்ணப்படுவோமோ என்ற நடுக்கத்தில் யாரோடு சேர்த்து எண்ணப்படக்கூடாது என்ற சாதி எண்ணமும் இருந்தது. சாதிக்குறியை அழிக்கச் சொன்ன கட்டளை சமத்துவத்துக்காக வந்ததல்ல, பரேடில் வரிசை அழகாகத் தெரிய வந்தது. ஆனாலும் அதை எதிர்த்தவனின் மொழி முழுக்க விடுதலையின் மொழி என்று கொண்டாட என்னால் முடியவில்லை. அதிகாரத்தை எதிர்ப்பவனும் தன் சின்ன அதிகாரத்தைக் காப்பாற்றிக்கொண்டேதான் எதிர்க்கிறான்.

இடையில் முஸ்தபா பேக் என்ற சிப்பாயின் கதை. சதி நடக்கிறது என்று ஜூன் மாதமே போய்ச் சொன்னான். உண்மையா என்று விசாரிக்கச் சுதேசி அதிகாரிகளிடமே விட்டார்கள். அவர்களோ சதியில் இருந்தவர்கள். அவனைப் பைத்தியம் என்று சொல்லிக் காவலில் போட்டார்கள். கலகம் முடிந்ததும் அதே பைத்தியத்துக்கு 2,000 வராகன் வெகுமதி.

ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையிலேயே கோட்டையைப் பிடித்தார். பிடிபட்ட சிப்பாய்கள் சுமார் 100 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். பின்னர் விசாரணை நடத்திச் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு வாரத்தில் விதி வாபஸானது. 1807இல் கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

கும்பினி கற்ற பாடம் ‘மதத்தில் தலையிடாதே’ என்பதுதான் என்று எழுதுவார்கள். பாதி உண்மை. 1857க்குப் பிறகு பட்டாளம் மதத்தைத் தடுக்கவில்லை, தானே நடத்தத் தொடங்கியது. சீக்கியன் முடி வளர்த்தே தீரணும், அமிர்தம் எடுத்தே ஆகணும் என்று ரெஜிமென்ட் சொன்னது. சாதிவாரியாக, மதவாரியாகக் கம்பெனிகள். ‘போர்க்குடிகள்’ என்றொரு தத்துவம் வந்து மதராஸ் பட்டாளத்தை ஓரம்கட்டியது. 1806இல் முகத்திலிருந்து குறியை அழிக்கக் கட்டளையிட்ட அதே அதிகாரம் இப்போது குறியை வைத்துக்கொள்ளக் கட்டளையிட்டது. இரண்டிலும் கட்டளை ஒன்றுதான்: உன் உடம்பில் எது இருக்கணும் என்பதை நான் சொல்வேன். வெள்ளைக்காரன் போன பிறகும் இந்த ஏற்பாடு பெரிதாகக் கலையவில்லை. ரெஜிமென்ட் கோயில், குருத்வாரா, சம்பளத்துக்குப் பண்டிதர், மௌல்வி, பாதிரியார், சாமி பேர் சொல்லும் போர் முழக்கம். (மதராஸ் ரெஜிமென்டின் ‘வீர மதராசி, அடி கொல்லு’ முழக்கத்தில் சாமி இல்லை. நம்ம ஊர்க் குசும்பு என்று நான் நினைத்துக்கொள்வேன்.)

2016இல் தாடி வைத்ததற்காக வெளியேற்றப்பட்ட முஸ்லிம் விமானப்படை வீரரின் மனுவை உச்சநீதிமன்றம் தள்ளியது. முடியை மழிக்கக்கூடாது என்று மதமே தடுத்தால்தான் விலக்காம். இஸ்லாம் அப்படித் தடுப்பதாக நிறுவப்படவில்லையாம். மோவாய்க்கு வந்த இந்தச் சிக்கல் 1806இல் பார்த்த சிக்கலேதான். 2025இல் வந்த வழக்கோ தலைகீழ். லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன், 3ஆவது கேவல்ரி ரெஜிமென்ட். வாராந்திர மத அணிவகுப்பில் தன் ஆட்களோடு கோயில் வரைக்கும் போவார். பூஜை, ஆரத்தி நடக்கும்போது கருவறைக்குள் நுழைய மட்டும் விலக்குக் கேட்டார். 2021 மார்ச்சில் பென்ஷன், கிராஜுவிட்டி இல்லாமல் வேலைநீக்கம். மேலதிகாரியின் கட்டளைக்கு மேலே மதத்தை வைத்தது ஒழுங்கீனம் என்று 2025 மே 30இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. நவம்பர் 25இல் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. உள்ளே போனால் தப்பில்லை என்று அவருடைய பாதிரியாரே சொல்லியிருக்கிறாரே என்பது அங்கே எழுந்த வாதம். விசுவாசம் எது என்பதை விசுவாசியிடம் கேட்கத் தேவையில்லை, பாதிரியாரிடம் கேட்டால் போதும் என்று ஆகிறது.

ஒன்றாக நின்று சாகப்போகிற ஆட்களோடு அதிகாரியும் ஒன்றாகக் கும்பிட்டால்தான் அவர்கள் நம்புவார்கள் என்பது ராணுவம் சொல்லும் காரணம். லேசாகத் தள்ளிவிட முடியாத காரணம்தான். ஆனால் அந்த நம்பிக்கையின் வடிவத்தைச் சாமி கும்பிடுவதாக ஆக்கியது யார்? துருப்பை மதவாரியாகப் பிரித்து வைத்தவர்கள்தானே. அமெரிக்காவில் யூத விமானப்படை அதிகாரி கோல்ட்மன் தொப்பி வழக்கில் 1986இல் தோற்றார். அடுத்த ஆண்டே அங்கே காங்கிரஸ் சட்டம் போட்டு அடக்கமான மத உடையை அனுமதித்தது. நம் அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு, படைவீரனின் உரிமைகளை எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திடம் கொடுக்கிறது, கர்னலிடமல்ல. 1950 ராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அப்படிக் குறைத்த உரிமைகளைப் பட்டியலிடுகிறது: சங்கம், கூட்டம், பத்திரிகைக்கு எழுதுவது. அந்தப் பட்டியலில் கோயில் இல்லை.