நீலக் குழந்தைகள் பெரியவர்களான கதை

உங்களுக்கு 18 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. சிறு வயதிலிருந்து ஒரே குழந்தை மருத்துவர்தான் கவனித்து வருகிறார். நீங்கள் உண்ணும் மாத்திரையின் பெயர் அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இந்நிலையில், "இனிப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் செல்" என்று கூறிவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஒரு காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. அத்தகைய குழந்தைகளுள் பலர் 18 வயதை எட்டியதே இல்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1944 நவம்பர் 29 அன்று 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருந்ததால் இரத்தத்திற்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கவில்லை. உடல் நீலம் பாரித்திருந்தது. கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியுடன் இணைத்தார் ஆல்பிரட் பிளேலாக். இவ்வழியைக் கருதியவர் ஹெலன் டாசிக். ஆய்வுக்கூடத்தில் விலங்குகளிடம் செய்து பழகிக் காட்டியவர் விவியன் தாமஸ். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது எனினும், அவ்வழி ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காத்தது. 1954இல் வால்டன் லில்லேஹை குழுவினர் இதயத்தைத் திறந்து கோளாற்றையே சரிசெய்தனர்.

நீலக் குழந்தைகள் வளர்ந்தார்கள். ஆனால் சீர்செய்த இதயம் பிறவியில் நலமாயிருந்த இதயத்திற்கு ஒப்பாகாது. பல ஆண்டுகள் கழித்து வால்வு கசியலாம். துடிப்பின் ஒழுங்கு குலையலாம். ஆகவே வாழ்நாள் முழுவதும் கண்காணிப்புத் தேவை. குழந்தை மருத்துவரை விட்டபின் அதை யார் செய்வது?

1989இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் எவரெட் கூப் இது குறித்து ஒரு மாநாடு கூட்டினார். 1993இல் அந்நாட்டு வளரிளம் பருவ மருத்துவச் சங்கம், இம்மாற்றம் முன்கூட்டியே திட்டமிட்டு நடைபெற வேண்டும் என்று வரையறுத்தது.

நடைமுறை எப்படி இருந்தது? கனடாவின் டொராண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, 19 முதல் 21 வயதை எட்டியிருந்த 360 பேரைப் பற்றிய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. அனைவருக்கும் சிக்கலான இதயக் கோளாறு. அவர்களுள் பெரியவர்களுக்கான சிறப்பு மையத்தை அடைந்தோர் 47 விழுக்காடுதான்! பெற்றோர் துணையின்றித் தாமே மருத்துவரைக் கண்டு பழகியவர்களே கூடுதலாகப் போய்ச் சேர்ந்திருந்தனர்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. வயது மட்டும் ஒருவரை ஆயத்தப்படுத்துவதில்லை. அவ்வாறாயின் ஆயத்தத்தை எப்படி அளப்பது?

2011இல் கிரகரி சாவிக்கியும் உடன் ஆய்ந்தோரும் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டனர். மருந்து தீருமுன் நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா? மருத்துவரைக் காண நீங்களே நேரம் கேட்டுப் பெறுகிறீர்களா? இத்தகைய கேள்விகள் அதில் உண்டு. விடையோ வெறும் 'ஆம்', 'இல்லை' அன்று, ஐந்து படிகள். செய்யத் தெரியாதவர் முதற்படியில் இருக்கிறார், கற்க விரும்புபவர் அடுத்த படியில், கற்றுக்கொண்டிருப்பவர் மூன்றாவதில், செய்யத் தொடங்கியவர் நான்காவதில், தேவைப்படும்போதெல்லாம் தாமே செய்பவர் ஐந்தாவதில்.

இது தேர்வன்று, இதில் தோல்வியும் இல்லை. எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்தால், அடுத்து எதைக் கற்பிப்பது என்று மருத்துவருக்கும் பெற்றோருக்கும் விளங்கும்.

உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ நீடித்த நோய் இருந்தால் இன்றே தொடங்கலாம். நோயின் பெயர், மருந்தின் பெயர், அதன் அளவு ஆகிய மூன்றையும் அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது, விடையை நீங்களே கூறுங்கள்.