சேலம் வெள்ளிக் கொலுசு: தரம் அறிதலும் விலை மதிப்பும்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை, சிவதாபுரம் முதலான பகுதிகளின் பட்டறைகளில் ஆர்டரின்பேரில் செய்யப்படும் கால் நகை. எடை, டச் எனப்படும் சுத்தம், கூலி ஆகிய மூன்றும் சேர்ந்து இதன் விலையைத் தீர்மானிக்கின்றன.

கால் நகையை அடையாளம் காண்பதில் தமிழின் மூத்த வழக்கு சிலப்பதிகாரத்தில் உள்ளது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்த பிறகே அது யாருடைய சிலம்பு என்ற உண்மை தெரிந்தது. நூலின் காலத்தை 2ஆம் நூற்றாண்டு என்பாரும், 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். சிலம்பு பரல் இடுவதற்கு உட்கூடானது, கொலுசோ சங்கிலி வகை. கொலுசு சிலம்பின் வழிவந்தது என்று துணிந்து கூற இயலாது.

1963இல் 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்க நகை செய்யத் தடை வந்தது. சேலத்தில் வெள்ளிப் பட்டறைகள் பெருகியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. தொழில் அதற்கும் முந்தியது என்பது மறுதரப்பு.

'டச்' என்பது நூறு பங்கில் சுத்த வெள்ளி எத்தனை பங்கு என்ற கணக்கு. 70 டச் கொலுசு ஒரு கிலோவில் 700 கிராம் வெள்ளி இருக்க வேண்டும். வியாபாரி வெள்ளிக் கட்டியைக் கொடுத்து, பேசிய டச்சில் கொலுசாகத் திரும்பப் பெறுவார். உருக்குவது ஒரு வீடு, கம்பி இழுப்பது இன்னொரு வீடு, வளையம் கோத்துப் பற்றவைப்பது வேறொரு வீடு. கடைசியில் சலங்கையும் மெருகும். குழந்தைக் கொலுசின் சலங்கை மிளகளவே இருக்கும். அதற்குள்ளும் உருண்டு ஒலிக்க ஒரு மணி உண்டு.

தரம் குறையும் இடம் பெரும்பாலும் பற்றுதான். பற்றவைக்கும் பொடியில் மலிவான உலோகம் கலந்திருப்பதால், இணைப்புகள் மிகுந்த வேலைப்பாடு உருக்கிய கலவையின் டச்சை எட்டாது. அழகு கூடக் கூடச் சுத்தம் குறையும் என்பது இத்தொழிலின் விசித்திரம். டச் பார்க்கும் எக்ஸ்-கதிர்க் கருவி மேற்பரப்பை மட்டுமே அளக்கும். அமிலத்தில் வெளுத்த நகையில் மேல்தோலின் செம்பு கரைந்துவிடுவதால் கருவி கூடுதல் டச் காட்டக்கூடும். ஐயம் தீராவிட்டால் ஒரு துண்டை வெட்டி உருக்கிப் பார்ப்பார்கள்; அல்லது நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உப்பு சேர்ப்பார்கள். வெள்ளி தயிர்போல் திரண்டு படியும்.

வெள்ளிக்கு ஹால்மார்க் தர முத்திரை 2005இல் வந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் ஆறிலக்க அடையாள எண்ணும் உண்டு. ஆயினும் வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமன்று.

பழைய கொலுசை மாற்றும்போது கூலி கணக்கில் வராது. எனாமலும் கல்லும் எடையில் கழியும். கொக்கியில் அடித்த கடை முத்திரையை லென்ஸ் வைத்துப் படிப்பார்கள். அது தேய்ந்திருந்தால் கொலுசு உலைக்குப் போகும்.