உத்தியோகமும் குடியிருப்பும்: வெள்ளவத்தையைத் தெரிந்தெடுத்தோர் வரலாறு

வரலாறு என்றதும் மன்னர்தம் ஆட்சியும் போர்களும் சட்டங்களுமே எம் நினைவுக்கு வருகின்றன. மாதச் சம்பளம் பெறும் ஓர் எழுதுவினைஞர் தம் மனைவி மக்களை எந்த ஊரிலே குடியமர்த்துவது என்று எடுத்த முடிவு எந்த வரலாற்று நூலிலும் தனி அத்தியாயம் பெறுவதில்லை. ஆயினும், அத்தகைய ஆயிரக்கணக்கான முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தே நகரங்கள் உருவாகின்றன. கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரத்திலுள்ள வெள்ளவத்தை இதற்குத் தக்க சான்றாகும். யாழ்ப்பாணத்து உத்தியோகக் குடும்பங்கள் இவ்விடத்தை ஏன் தெரிந்தெடுத்தன, அத்தெரிவின் காரணங்கள் காலத்துக்குக் காலம் எவ்வாறு மாறின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறுகள் இல்லை. கிணற்று நீரையும் பருவமழையையும் நம்பிய சிறு காணிகள், பிள்ளைகளுக்குப் பங்கிடப்படுந்தோறும் மேலும் சிறுத்தன. மறுபுறத்திலே, அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறி முதலாக ஆங்கிலக் கல்வி அங்கு முன்கூட்டியே வேரூன்றியது. பின்னர் சைவர்களும் தமக்கென ஆங்கிலப் பாடசாலைகளை அமைத்தனர். நிலம் தர இயலாத வாழ்வைக் கல்வி தருமென்ற நம்பிக்கை உறுதிபெற்றது. கற்றோர் சிலர் மலாயாவுக்குச் சென்றனர். பலர் கொழும்பிலுள்ள அரசாங்கத் திணைக்களங்களை நாடினர். மாதந்தோறும் ஊர் வந்துசேர்ந்த காசுக்கட்டளையே பல குடும்பங்களின் விளைநிலமாயிற்று. 1905இலே வடபகுதிப் புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்தபோது இப்பெயர்ச்சி மேலும் எளிதாயிற்று.

முதலில் வந்தோர் பெரும்பாலும் தனியர்களே. பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டு வாழும் 'சமறி' முறை அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. திருமணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் பருவத்திலேதான் 'எங்கே குடியிருப்பது?' என்ற வினா எழுந்தது. தனியாள் இடம் தேடும்போது படுக்கையையும் சாப்பாட்டையும் பார்த்தாற் போதும். குடும்பஸ்தரோ அலுவலகம், பாடசாலை, கோயில், அயல், வாடகை ஆகிய ஐந்தையும் ஒருங்கே எடைபோட வேண்டியவராகிறார்.

இவற்றுள் முதலிலே முடிவைத் தீர்மானித்தது போக்குவரத்தே எனலாம். கோட்டையிலிருந்து புறப்பட்ட டிராம் வண்டிகள் கிராண்ட்பாசுக்கும் பொரளைக்குமே சென்றன. தெற்கே கடலோரமாக அவை ஓடவில்லை. ஆனால் 1877இல் பாணந்துறையை எட்டிய கரையோரப் புகையிரதப் பாதை கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை ஆகியவற்றைக் கோட்டையுடன் இணைத்தது. பருவச்சீட்டு ஒன்றை வைத்திருப்பவர் காலையிலே வீட்டிற் சாப்பிட்டுவிட்டு வண்டியேறி, நேரத்துக்கு அலுவலகத்திற் கையொப்பமிடலாம். மேலும், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதே பாதை கோட்டை நிலையத்திலே இரவுத் தபால் வண்டியுடன் அவரை இணைத்தது. எனவே, வெள்ளவத்தையிற் குடியிருந்தவர் ஒரே தண்டவாளத் தொடரிலே ஒரு முனையில் அலுவலகத்தையும் மறுமுனையிற் சொந்த ஊரையும் கொண்டிருந்தார்.

ஆனால் இதே வசதி தெகிவளைக்கும் கல்கிசைக்கும் இருந்ததே எனின், அயல் என்ற அடுத்த காரணத்தை நோக்க வேண்டும். ஒரு கிராமத்தவர் ஓர் ஒழுங்கையிலே வீடெடுத்தால், பக்கத்து வீடு காலியாகும் செய்தி அக்கிராமத்து மற்றோர் உத்தியோகத்தருக்கே முதலில் எட்டியது. அறியாத நகரிலே பிள்ளைப்பேற்றுக்கும் நோய்க்கும் உதவுவது உறவும் ஊரவருமே என்பதை அக்குடும்பங்கள் நன்குணர்ந்திருந்தன. மக்கள் கூடியபின் கடைகள் வந்தன. ஒடியல் மாவும் பனாட்டும் யாழ்ப்பாணத்து முருங்கைக்காயும் புகையிரதத்தில் வந்திறங்கின. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாக வரும் ஆடிவேல் விழா இப்பகுதி மக்களின் பொதுவிழாவாகியது.

நிறுவனங்கள் இருந்தமையால் மக்கள் வந்தனரா, மக்கள் வந்தமையால் நிறுவனங்கள் தோன்றினவா என்பது இங்கு எழும் முக்கிய வினா. காலவரிசையை நோக்குமிடத்து விடை ஓரளவு தெளிவாகிறது. கரையோரப் பாதை 1877இல் பாணந்துறையை எட்டியது; வடபகுதிப் பாதை 1905இல் முடிவுற்றது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலேதான் தோன்றியது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி 1951இல் தொடங்கியது. வீட்டுத் தலைவர்களின் தெரிவு முந்தியது, நிறுவனம் பிந்தியது. எனினும், தோன்றிய நிறுவனம் அடுத்து வந்தோரின் தெரிவை மேலும் எளிதாக்கியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

1950களிலே பாடசாலை என்னும் காரணம் முன்னணிக்கு வந்தது. ஆங்கிலமே போதனாமொழியாக இருந்த காலத்தில் எப்புறநகரிலுள்ள பாடசாலையும் தமிழ்ப் பிள்ளைக்குப் பொருந்தியது. தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு விரிந்தபோது, தமிழ்மொழி வகுப்புகள் நடைபெறும் பாடசாலைக்கு அண்மையிலேயே தமிழ்ப் பெற்றோர் குடியிருக்க வேண்டியதாயிற்று. நுகேகொடையிலோ மகரகமையிலோ குறைந்த வாடகைக்கு விசாலமான வீடு கிடைத்தாலும், பிள்ளையின் வகுப்பை எண்ணி அதனைக் கைவிட்டோர் பலராவர். தாய்மொழிக் கல்வி வரவேற்கத்தக்கதே. ஆயினும், அது இரு சமூகத்துப் பிள்ளைகளை வெவ்வேறு வகுப்பறைகளிலும், நாளடைவில் வெவ்வேறு அயல்களிலும் இருத்தியது என்பதை வரலாற்று மாணவர் கவனிக்காதிருத்தல் இயலாது.

இக்குடும்பங்களிற் பல இடத்தைத் தெரிந்தனவேயன்றி அதனை உரிமையாக்கிக்கொள்ளவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. எனது தாயாரின் தந்தையார் கொழும்புத் திணைக்களமொன்றிலே 26 ஆண்டுகள் பணியாற்றியவர். அக்காலம் முழுவதும் அவர் வெள்ளவத்தையில் வாடகைக்கே இருந்தார். மிச்சம் பிடித்த பணத்தில் ஊரிலே கல்வீடு கட்டினார். "இது இருந்துவிட்டுப் போகிற இடம், வீடு என்றால் ஊரிலைதான்" என்பது அவர் வாக்கு. ஓய்வூதியம் பெறும் நாளை நோக்கியே அத்தலைமுறையின் நகர வாழ்வு அமைந்தது.

1956இன் தனிச் சிங்களச் சட்டம் உத்தியோகத்தையே கேள்விக்குள்ளாக்கியது. 1958இலே கலவரம் மூண்டபோது ஆயிரக்கணக்கான தமிழர் அகதி முகாம்களிலே தங்கி, பின் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர். அமைதி திரும்பியதும் பலர் மீண்டும் அதே ஒழுங்கைகளுக்கு வந்தனர். 1977இலும் கலவரம் நிகழ்ந்தது. 1983 யூலையிலோ வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தாக்கவந்தோர் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தமை பரவலாகப் பதிவாகியுள்ளது. இதனால், தமிழர் செறிந்த இடத்தில் இருந்தோர் மட்டுமன்றி, சிங்கள அயலிலே தனித்திருந்தோரும் தேடிப்பிடிக்கப்பட்டனர். அதே வேளையில், தம் உயிரைப் பொருட்படுத்தாது தமிழரை ஒளித்துக் காத்த சிங்கள அயலவர் பலர் இருந்தனர் என்பதையும் பதிவுசெய்தல் கடமையாகும்.

அன்று முதல் வீடு தேடும் குடும்பத்தின் முன் புதியதொரு வினா நின்றது. கூடியிருப்பது பாதுகாப்பா, அன்றிக் கூடியிருப்பதே ஆபத்தா? 1983க்குப் பின் பலர் வெளிநாடு சென்றனர். எனது தாயாரின் குடும்பமும் கப்பலிலே காங்கேசன்துறை சென்றடைந்தது; தாயாருக்கு அப்போது 12 வயது. ஆனால் 1990இல் வடக்கில் மீண்டும் போர் மூண்டபின்னும், 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபின்னும், தெற்கே வந்த குடும்பங்கள் எரிந்த அதே வெள்ளவத்தையையே மீண்டும் நாடின. வாடகை வீடுகள் இருந்த இடங்களிலே தொடர்மாடிகள் எழுந்தன. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையிலே கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பேருந்துகளிலே ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையைத் தடுத்தது. ஒருவர் தாம் வாழும் ஊரைத் தெரிந்தெடுத்தல் உரிமையா, சலுகையா என்ற வினா அந்த ஓரிரவிலே அப்பட்டமாயிற்று.

போரினால் ஊரைவிட்டு வெளியேறிய என் பெற்றோரும் தொழிலின் பொருட்டுக் கொழும்பு வந்தபோது வெள்ளவத்தையிலேயே வீடெடுத்தனர். எரிந்ததைக் கண்ணாற் கண்ட இடத்தை எவ்வாறு மீண்டும் தெரிந்தீர்கள் என்று தாயாரைக் கேட்டேன். "அங்கைதானே எங்கட ஆக்கள் இருக்கினம்" என்றார். 1983க்கு முன்னரும் மக்கள் கூறிய காரணம் அதுவே. பின்னரும் கூறிய காரணம் அதுவே. முன்னர் அது வசதியைக் குறித்தது. பின்னர் அச்சத்தையும் சேர்த்துக் குறித்தது. சொல் மாறவில்லை, பொருள் மாறிற்று.

இவ்வாறாக, வெள்ளவத்தையின் வரலாறு எவரும் திட்டமிட்டு அமைத்த குடியேற்றத்தின் வரலாறன்று. புகையிரதமும் உறவும் பாடசாலையும் அச்சமும் ஒன்றையொன்று தொடர்ந்து வழிநடத்திய குடும்பங்களின் வரலாறு அது. இருந்துவிட்டுப் போகும் இடம் எனக் கருதப்பட்டது மூன்று தலைமுறைகளின் வாழ்விடமாயிற்று. நாளை பட்டம் பெற்று உத்தியோகம் தேடப்போகும் எம்மவரும் ஒரு நாள் இதே வினாவை எதிர்கொள்வர். வாடகையையும் வண்டி நேரத்தையும் பிள்ளைகளின் பாடசாலையையும் மட்டும் எண்ணி, அயலவர் எவராயினும் அஞ்சாது ஒரு குடும்பம் தன் ஊரைத் தெரிந்தெடுக்கக்கூடிய நாளே இந்நாட்டிலே சமத்துவம் நிலைபெற்ற நாளாகும்.