மூளைவழி நரம்பூட்டக் காரணி

நரம்பணுக்களின் ஜீவிதத்திற்கும் ஞாபக சக்திக்கும் ஆதாரமாய் நிற்பதும், 1982இல் பார்டே, தோனன் முதலிய விஞ்ஞானிகளால் பன்றியின் மூளையினின்று பிரித்தெடுக்கப்பட்டதுமாகிய புரதம். தேகப்பயிற்சியால் இது மிகுகின்றதா என அறிய, பயிற்சிக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து, எலைசா என்னும் பரிசோதனையால் இதனை அளவிடுவர். இரத்தம் உறையுங்கால் தட்டணுக்கள் தாம் சேமித்த புரதத்தை வெளிவிடுவதால், பிளாஸ்மாவைக் காட்டிலும் சீரத்தில் அளவு மிகுந்து காணுமாதலின், இரண்டையும் நேராக ஒப்பிடலாகாது. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 120 முதியோருள் ஓராண்டுக் காலம் நடைபயின்றோர்க்கு, ஞாபகத்திற்குரிய மூளைப்பகுதியாகிய ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்தது. அவ்வளர்ச்சி சீரத்தில் இப்புரதத்தின் ஏற்றத்தோடு இயைந்திருந்தது. ஆதலின், மலேசியாவில் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் அதிகாலையிலேயே மரத்துக்கு மரம் நடந்து பால்வெட்டிய தலைமுறை, இன்று ஈப்போவில் வாழ்ந்தாலும் அந்நடையைக் கைவிடாதிருத்தல் நன்று.